சம்சாரி குறைகிறான், பீடித் தெரு பெருகுகிறது: ஏன்?

வயக்காட்டான்:
எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால் பாசனம். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் போட்ட இருபது சம்சாரி (நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறவர்) வீட்டில் இப்போது நாலுதான் மிச்சம். மேலத்தெருவில் பீடி சுற்றுகிறவர்கள், கடைக்காரர்கள் என்று வீட்டுக்கு மேல் வீடு. நிலம் துண்டாகுமே என்று சம்சாரி ஒரு பிள்ளையோடு நிறுத்தினான். நிலம் இல்லாதவனுக்கு அந்தப் பயம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

முக்கூடல் மைனி:
அண்ணாச்சி, மற்ற பதினாறு வீடும் பிள்ளை இல்லாமலா போனது? பாதி திருப்பூருக்குப் போயிருக்கும். பாதி வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உங்கள் மேலத்தெருவிலேயே கடை போட்டிருக்கும். தமிழ்நாட்டில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாகுபடியாளர் 51 லட்சம், 2011-ல் 42 லட்சம். அதே பத்து வருஷத்தில் விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சம் ஆனார்கள். இது வேலை பார்க்கிறவர்களின் கணக்கு. இன்றைக்குப் பிள்ளை குறைந்தால் அந்தக் கணக்கில் தெரிய இருபது வருஷம் ஆகும்.

வயக்காட்டான்:
சரி, அது ஒரு பங்கு. ஆனால் பீடி வீட்டில் கை கூடினால் கட்டு கூடும். எங்களுக்கு நடவுக்கே மெஷின் வந்தாச்சு.

முக்கூடல் மைனி:
கை கூடினால் வாயும் கூடும். அம்மா சுளகை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றுவாள், பத்து வயதில் நான் பக்கத்தில் இலை வெட்டுவேன். தங்கை பிறந்த மாதம் ஒரு கட்டுகூடப் போடவில்லை, மளிகைக்கடையில் கடன். அதோடு ஆபரேஷன் செய்துகொண்டாள். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைதான். எங்கள் தெருவும் அதில் உண்டு.

பிசானம்78:
மைனி, சராசரியைக் காட்டி இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்ல முடியாது, அது எல்லோரையும் கலந்த கணக்கு. அண்ணாச்சிக்கும் ஒன்று: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு மாசத்துக்குக் குறையாமல் செய்த வேலையை வைத்துத்தான் முதன்மைத் தொழிலாளர் என்று எழுதுவார்கள். பீடியும் சுற்றி அறுப்புக்கும் போகிற பெண்ணை எந்தத் தெருவில் சேர்ப்பீர்கள்?

முக்கூடல் மைனி:
என்னையே கேளுங்கள். 2011 பிப்ரவரியில் கணக்கெடுக்க ஆள் வந்தபோது நான் பிசான அறுப்பில் இருந்தேன். திண்ணையில் இருந்த மாமனார் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்: "மருமவ வீட்லதான் சும்மா இருக்கா."