புதுப்பிப்பு: அயோடினை இரட்டித்தால் நிறம் மறையும் நேரமும் ஏன் இரட்டிக்கிறது?

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. அமிலம் கலந்த அசிட்டோன்-அயோடின் வினையில் அயோடின் செறிவை இரு மடங்காக்கினால், நிறம் மறையவும் இரு மடங்கு நேரம் ஆகிறது. அப்படியானால் அயோடினைப் பொறுத்த வினைவகை (வேகம் ஒரு பொருளின் செறிவின் எத்தனையாவது அடுக்கைப் பொறுத்து மாறும் என்று சொல்லும் எண்) −1 ஆகுமா என்று கேட்டிருந்தேன்.

ஆகாது. பயன்பட்டது, "நேரத்தைப் பார்க்காதீர்கள், செறிவை நேரத்தால் வகுங்கள்" என்ற யோசனைதான். வகுத்தபோது இரண்டு முறையும் வேகம் ஒன்றே. நிறமானியில் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) ஒளி உறிஞ்சலை நேரத்துக்கு எதிராக வரைந்ததும் ஐயம் தீர்ந்தது: நிறம் மறையும் வரை நேர்க்கோடு. அயோடினைப் பொறுத்து பூஜ்ய வகை. அசிட்டோன், அமிலம் ஒவ்வொன்றையும் பொறுத்து முதல் வகை. அமிலத்தின் துணையால் அசிட்டோன் ஈனால் என்ற இடைநிலைப் பொருளாக மாறுவதே மெதுவான படி. அயோடின் அதற்குப் பிறகுதான் வருகிறது, வரிசையில் கடைசியாக நிற்பவரைப் போல. அது எவ்வளவு இருந்தாலும் வேகம் மாறாது. வேதியியலாளர் ஆர்தர் லாப்வொர்த் 1904இலேயே புரோமினை வைத்து இதைக் காட்டிவிட்டார் என்பது எனக்குப் புதிய செய்தி.

எதிர்பாராதது ஒன்று. அமிலத்தை மிகக் குறைவாக எடுத்த கலவையில் கோடு வளைந்தது. வினை போகப்போக வேகமெடுத்தது. வினையே ஹைட்ரஜன் அயனியை உண்டாக்குவதால், தனக்குத் தானே வினையூக்கியாகிவிடுகிறது. ஆகவே அமிலமும் அசிட்டோனும் அயோடினைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கட்டும்.

செய்து பார்ப்பவர்களுக்கு: விளைபொருளான அயோடோஅசிட்டோன் கண்ணைக் கடுமையாக எரிக்கும். புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்யுங்கள்.