பொருள்: கட்டிலா, படுக்கையா? விமான இருக்கைக்குச் சொல் வேண்டும் (வியாழனுக்குள்)

கீழக்கரையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

விமானச் சீட்டு அலுவலகங்களில் வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு இங்கே தமிழில் பாடம் எடுக்கிறேன். பாடக்குறிப்பு வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். எல்லாம் முடிந்து ஒரே ஒரு பக்கம் நிற்கிறது. நடுவில் ஒரே நடைபாதை உள்ள 737, ஏ321 வகை ஒல்லி விமானங்கள் நெடுந்தூரம் போகும்போது, பிசினஸ் கிளாஸ் என்று எதை விற்கிறார்கள் என்பதுதான் அந்தப் பக்கம்.

‘வணிக வகுப்பு’ என்று போட்டு நகர்ந்துவிட முடியவில்லை. அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள் கிடக்கின்றன. ஐரோப்பாவுக்குள் பறக்கும் பல விமானங்களில், சாதாரண மூன்று பேர் வரிசையில் நடு இருக்கையைக் காலியாக விட்டால் அதுவே பிசினஸ். இண்டிகோ 2024 நவம்பரில் தில்லி–மும்பைத் தடத்தில் தொடங்கிய ‘ஸ்ட்ரெட்ச்’சில் பக்கத்துக்கு இரண்டாக 12 இருக்கைகள், அகலம், நல்ல இடைவெளி, முதுகு சாயும், ஆனால் தட்டையாகாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 737-8இல் முன்னால் உள்ள 10 இருக்கைகளும் முழுக்கத் தட்டையாகும். ஃப்ளைதுபாயும் 737 மேக்ஸில் அப்படி வைத்திருக்கிறது. ஜெட்புளூ 2021 முதல் நியூயார்க்–லண்டன் தடத்தில் ஓட்டும் ஏ321 எல்ஆரில் பக்கத்துக்கு ஒருவர்தான், இழுத்து மூடக் கதவும் உண்டு.

இங்கே சீட்டுப் போட வருகிறவர்களில் பலர் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெரியவர்கள். அவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: “காலை நீட்டிப் படுக்கலாமா?” என் உறவில் ஒருவர் முழங்கால் அறுவைக்குப் பிறகு கூடுதல் பணம் கட்டி பிசினஸில் போனார். ஏறிப் பார்த்தால் சாயும் நாற்காலி. நான்கு மணிநேரமும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே போய் இறங்கினார். விற்ற பையன் பொய் சொல்லவில்லை. அவன் கையில் இருந்தது ஒரே சொல்.

அதனால் வகுப்புக்கு வேண்டாம், இருக்கைக்குப் பெயர் கொடுங்கள். நடு இருக்கை காலியாக விடப்பட்டது, சாய்வது, தட்டையாவது, அப்புறம் கோணலாக அடுக்கப்பட்டது. நான்கு சொல் போதும்.

இராமநாதபுரத்திலிருந்து:

அன்புச் சகோதரிக்கு,

தேவையை நன்றாகச் சொன்னீர்கள். முதலில் ‘நடைபாதை’யை மாற்றுங்கள். அது தெருவோரத்தில் இருப்பது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே உள்ள வழிக்கு நம்மிடம் ‘இடைகழி’ இருக்கிறது. வீட்டு ரேழி என்கிறோமே, அது இடைகழியின் தேய்ந்த வடிவம்தான். திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார் மூவர் கதை எல்லாருக்கும் தெரியும். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அந்த இடம் இடைகழி. பொய்கையாழ்வார் பாட்டிலேயே கோவல் இடைகழி வருகிறது. விமானத்துக்கும் இதே கணக்குத்தான். ஏ321 நியோவில் உச்சவரம்பு 244 இருக்கை. அதே விமானத்தில் எல்லாரையும் படுக்கவைத்துப் பாரிஸ்–நியூயார்க் ஓட்டும் லா கொம்பனி வைத்திருப்பது 76. ஒருவர் படுக்கும் இடத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதுதான் சீட்டு விலை. ஆகவே ‘ஓரிடைகழி விமானம்’.

தட்டையாகும் இருக்கைக்கு நீங்கள் தேடவே வேண்டாம். ‘கட்டில்’. பழந்தமிழில் அமர்வதும் கட்டில், படுப்பதும் கட்டில். அரியணைக்கு அரசுகட்டில் என்று பெயர். அரச முரசை வைக்கும் முரசுகட்டிலில் அயர்ந்து தூங்கிய புலவர் மோசிகீரனாரைத் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் வெட்டாமல் கவரி வீசியது புறநானூற்றின் 50ஆம் பாட்டில் இருக்கிறது. இருக்கை வேறு, படுக்கை வேறு என்று பிரியாத பொருளுக்கு இதைவிட ஒரு சொல் எந்த மொழியில் கிடைக்கும்? ‘வான்கட்டில்’ என்று அடைமொழி சேர்க்கலாம்.

தொண்டியிலிருந்து:

ஐயா சொன்னதைப் படித்து மனம் நிறைந்தது. ஆனால் நான் சீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். “வான்கட்டில் வேண்டுமா?” என்று கேட்டால் எதிரில் இருப்பவர் உடம்புக்கு முடியாதவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் ஏற்பாடு என்று நினைப்பார். அதுவும் விமானத்தில் உண்டு. சில இருக்கைகளை மடக்கி மேலே ஸ்ட்ரெச்சர் கட்டுவார்கள். இரண்டும் குழம்பினால் பெரிய தொல்லை. இன்னொன்று, அரசுகட்டில் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ‘அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன்’. துஞ்சிய என்றால் அங்கே உயிர்விட்டான் என்று பொருள்.

மக்களிடம் இருக்கும் சொல் ‘படுக்கை’. ரயிலில் படுக்கை வசதி, அரசு விரைவுப் பேருந்தில் படுக்கை வசதி. இராமநாதபுரத்திலிருந்து சென்னை போகிறவர் “சீட்டரா, ஸ்லீப்பரா” என்று கேட்டுப் பழகியவர். ‘சாய்விருக்கை’, ‘படுக்கை இருக்கை’. முடிந்தது.

இடைகழிக்கு என் ஓட்டு உண்டு. நல்ல சொல், நாக்கிலும் நிற்கிறது.

இராமநாதபுரத்திலிருந்து:

தம்பி, ‘படுக்கை’ தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் இரு+கை இருக்கை, படு+கை படுக்கை. இரண்டும் ஒரே வாய்பாட்டில் பிறந்த தொழிலாகுபெயர்கள். ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றினால் ‘நிற்கை நடக்கை’ என்பது போலாகும். ‘படுக்கையிருக்கை’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பாம்பனிலிருந்து:

கோண அடுக்கைப் பற்றி யாருமே பேசவில்லையே. ஆங்கிலத்தில் அதற்கு ஹெர்ரிங் என்ற மீனின் முள்ளை வைத்துப் பெயர். அந்த மீன் நம் கடலில் இல்லை. அதன் சொந்தக்காரன் சூடை இங்கே கூடை கூடையாக வருகிறது. அவித்த சூடையைப் பிளந்தால் நடுமுள் ஒரே இழுப்பில் மொத்தமாக வரும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுத்தண்டு நேராக நிற்கும், இரண்டு பக்கத்துச் சிறுமுள்ளும் வாலை நோக்கிச் சரிந்து இறங்கும், ஒன்றும் தண்டுக்குக் குறுக்காக நிற்காது. நடுத்தண்டு இடைகழி. சிறுமுள் ஒவ்வொன்றும் ஒரு படுக்கை. ஜெட்புளூவின் லண்டன் விமானத்தில் தலை சன்னலோரம், கால் இடைகழிப் பக்கம், ஆள் இடைகழியைப் பார்த்தபடி சரிந்து கிடக்கிறார்.

ஏன் இப்படி என்பதையும் பாடத்தில் எழுதுங்கள் டீச்சர். ஏ321இன் உள்ளகலம் ஏறத்தாழ 3.7 மீட்டர். 737 அதைவிடக் குறுகல். இடைகழியைக் கழித்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான் தேறும். ஆளைக் குறுக்கே கிடத்த முடியாது. நேராகக் கிடத்தினால் வரிசை நீண்டுபோகும், இருக்கை எண்ணிக்கை குறையும். கோணலாகக் கிடத்தினால் இரண்டு குறையையும் கொஞ்சம் கொஞ்சம் சமாளிக்கலாம். அதோடு எல்லாருக்கும் நேரே இடைகழி கிடைத்துவிடும். பக்கத்துக்கு இரண்டு பேர் நேராகப் படுக்கும் அமைப்பில் சன்னலோரத்துக்காரர் இரவில் எழுந்தால் பக்கத்து ஆளின் காலைத் தாண்டித்தான் வரவேண்டும். முழங்கால் அறுவை செய்தவருக்கு இது முக்கியம்.

என் பரிந்துரை ‘முள்ளடுக்கு’. முகம் சன்னல் பக்கம் திரும்பும் அமைப்புக்கு ‘எதிர்முள்ளடுக்கு’.

பெரியபட்டினத்திலிருந்து:

பாம்பன் காக்கா (அண்ணன்) சொன்னது அருமை. முள்ளடுக்கு இருக்கட்டும், ‘சூடைமுள்’ என்றே வைத்தால்கூட இந்தக் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். தஞ்சாவூர்க்காரருக்குத்தான் விளங்காது.

இன்னொரு சொல் தருகிறேன். படகின் முன்பகுதிக்கு ‘அணியம்’ என்கிறோம். பிசினஸ் இருக்கைகள் எப்போதும் முன்பகுதியில்தான். ‘அணிய வகுப்பு’ என்றால் ‘வணிக’ என்ற சொல்லே வேண்டாம். போகிறவரெல்லாம் வணிகரா என்ன? மகன் சீட்டுப் போட்டுக் கொடுத்த தாய்மார்களும் அங்கேதான் உட்கார்கிறார்கள்.

இராமநாதபுரத்திலிருந்து:

அணியம்! இந்தச் சொல்லைக் கரை இன்னும் வைத்திருக்கிறது என்பதே பெருமை. அணி என்ற வேரிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். முந்தி நிற்பது, அழகு செய்யப்படுவது இரண்டும் பொருந்தும்.

‘வணிக’த்தை மட்டும் வடமொழி என்று தள்ளிவிடாதீர்கள், சிலர் அப்படிச் சொல்லக்கூடும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். அழகர்மலைக் குகையில் தமிழி என்ற பழைய எழுத்தில் பொறித்தவற்றில் உப்பு வாணிகன், பாணித (சர்க்கரைப்பாகு) வாணிகன், கொழு (கலப்பை முனை) வாணிகன் எல்லாரும் இருக்கிறார்கள். நம் அழகன்குளத்து அகழாய்வில் கப்பல் உருவம் கீறிய பானையோடே கிடைத்தது. வணிகமும் கலமும் பிரியாத கரை இது. கடல்வணிகம் செய்த முஸ்லிம்களுக்கு வழங்கும் மரைக்காயர் என்ற பெயரையே மரக்கலத்திலிருந்து வருவிப்பவர்கள் உண்டு. கலத்தைக் குறிக்கும் அரபுச் சொல் மர்கபிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. நான் மரக்கலக் கட்சி. மரக்கலராயர் என்ற வடிவத்தை வைத்துப் பார்த்தால்…

மண்டபத்திலிருந்து (மட்டுறுத்துநர்):

ஐயா, மரைக்காயருக்குத் தனி இழை தொடங்குகிறேன். அங்கே தொடருங்கள். இங்கே சகோதரிக்கு வியாழன் நெருங்குகிறது. ஆளுக்கு ஒரு வரியில் ஓட்டுப் போடுங்கள்.

என் ஓட்டு: இடைகழி, சாய்விருக்கை, படுக்கை இருக்கை, முள்ளடுக்கு. நடு இருக்கை காலியாக விடுவதற்கு ‘நடுவொழி இருக்கை’ என்று வினைத்தொகையாகச் சொல்லலாம். நடு ஒழிந்த, ஒழிகின்ற, ஒழியும் என்று முக்காலத்துக்கும் வரும்.

தொண்டியிலிருந்து:

மட்டுறுத்துநர் சொன்னதே. ‘நடுவொழி’ மட்டும் சீட்டு மேசையில் ‘நடு காலி’ என்றுதான் போகும். எழுத்தில் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்.

பாம்பனிலிருந்து:

அதேதான். எதிர்முள்ளடுக்கையும் விட்டுவிடாதீர்கள்.

கீழக்கரையிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. பக்கத்தை முடித்துவிட்டேன். ஓரிடைகழி விமானம், நடுவொழி இருக்கை, சாய்விருக்கை, படுக்கை இருக்கை, முள்ளடுக்கு, எதிர்முள்ளடுக்கு. ‘படுக்கை இருக்கை’யைச் சேர்த்து எழுதாமல் இரண்டு சொல்லாகவே போடுகிறேன், பிள்ளைகள் படிக்க எளிது. சூடைமுள்ளின் படம் ஒன்று வரைந்து விமானத் தளப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வகுப்பில் காட்டியதும் எங்கே தலை, எங்கே கால் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

தலைப்பில் ‘பிசினஸ் கிளாஸ்’ என்றே விட்டிருக்கிறேன். சீட்டில் அச்சாவது அதுதான், கணினித் திரையிலும் அதுதான். அணிய வகுப்பு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் சொல்லைக் கேட்டதும் இருக்கை எப்படி இருக்கும் என்று தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் கேட்டேன். அணியத்தில் உட்கார்ந்தும் படுக்க முடியாமல் போகலாமே.

இராமநாதபுரத்திலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பாடக்குறிப்பு நன்றாக வரட்டும். ‘படுக்கை இருக்கை’க்கு நான் ஒப்பவில்லை என்று மட்டும் குழுவின் பதிவில் இருக்கட்டும், அடுத்த பதிப்பின்போது கட்டிலை மறுபடி கொண்டுவருவேன். ‘பிசினஸ் கிளாஸ்’ என்று தலைப்பை விட்டதும் எனக்கு வருத்தம்தான் சகோதரி. உள்ளே ஆறு நல்ல தமிழ்ச் சொற்களை வைத்துவிட்டு வாசலில் அதை நிறுத்தியிருக்கிறீர்கள். அணிய வகுப்பைக் குறைந்தது அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். அச்சகத்துக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறதல்லவா?