கான்சா பிரெய்ரியில் எரிக்காமல் விட்ட நிலங்கள்: இது பாதுகாப்பா, பரிசோதனையா?

ஓடைக்கரை:
அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், மன்ஹாட்டன் என்ற நகருக்குத் தெற்கே (நியூயார்க்கில் உள்ள மன்ஹாட்டன் அல்ல), ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் 3,487 ஹெக்டேர் பரப்பில் கான்சா பிரெய்ரி உயிரியல் நிலையம் இருக்கிறது. கேதரின் ஆர்ட்வே என்ற அம்மையார் அளித்த பணத்தைக் கொண்டு, இயற்கை நிலங்களைக் காக்கும் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு 1971-இல் முதல் துண்டு நிலத்தையும், 1977-இல் அதைப் போலப் பல மடங்கு பெரிய டூயி பண்ணையையும் வாங்கியது. நிர்வாகமும் ஆய்வும் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையிடம் உள்ளன. ஆளுயரத்துக்குப் புல் வளரும் பிரெய்ரி நிலம் அந்நாட்டில் ஒரு காலத்தில் இருந்ததில் இன்று நூற்றுக்கு நான்கு பங்கு கூட மிஞ்சவில்லை என்பதும், மிஞ்சியதில் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில்தான் இருக்கிறது என்பதும் இந்நிலத்தின் மதிப்பைச் சொல்லும். மேல்மண் மெலிதாகவும் அடியில் சுண்ணாம்புக்கல்லும் சிக்கிமுக்கிக்கல்லுமாகவும் இருந்ததால் ஏர் இறங்க முடியவில்லை. அதனால் புல் பிழைத்தது.

இத்தகைய நிலத்தைப் பல்கலைக்கழகம் ஐம்பதுக்கும் மேற்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றை ஆண்டுதோறும், சிலவற்றை இரண்டாண்டுக்கு ஒருமுறை, சிலவற்றை நான்காண்டுக்கு ஒருமுறை, சிலவற்றை இருபதாண்டுக்கு ஒருமுறை எரிக்கிறது. தீ வந்துகொண்டிருந்தால் மரமும் புதரும் ஏறாமல் புல்வெளி நிலைக்கும்; அதற்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தீ வேண்டும் என்று பார்ப்பதே பரிசோதனை. இருபதாண்டுப் பகுதிகளில் இன்று புல்வெளி இல்லை. சிவப்பு சீடர் (red cedar) என்ற மரங்களும் டாக்வுட் (dogwood) என்ற புதர்களும் நிற்கின்றன. பாதுகாப்பதற்கென்று வாங்கிய ஓர் அரிய நிலத்தின் ஒரு பகுதியை, கெட்டுப்போகும் என்று தெரிந்த பிறகும் கெடவிடுவது ஒரு காப்பகத்தின் நிர்வாகத்துக்கு அழகா என்பதே என் கேள்வி. நாற்பது ஆண்டுகளில் விடை கிடைத்துவிட்டது. இனி அந்தப் பகுதிகளை வெட்டி, எரித்து, மீட்க வேண்டும் என்பது என் கட்சி.

செவ்வந்தி:
ஓடைக்கரை ஐயா, "விடை கிடைத்துவிட்டது" என்ற இடத்தில்தான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். இந்தப் பரிசோதனையைத் தொடங்கியவர்கள் நான்காண்டுக்கு ஒருமுறை தீ வந்தால் புல்வெளி நிலைக்கும் என்று எண்ணுவதற்கு அன்று எல்லா நியாயமும் இருந்தது, முதல் பத்து ஆண்டுகளில் பார்த்தால் அப்படித்தான் தோன்றவும் செய்தது. புதர்கள் மெல்லப் பரவி, பிறகு திடீரென வேகம் பிடித்து, நான்காண்டுப் பகுதிகளையும் பிடித்துக்கொண்டது பின்னால்தான் தெரிய வந்தது. மூன்றாண்டு இடைவெளியைத் தாண்டினால் புல்வெளி புதர்க்காடாக நகரத் தொடங்குகிறது என்ற முடிவு, இருபது, முப்பது ஆண்டுக் கணக்கு கையில் இருந்ததால் மட்டுமே கிடைத்தது. விடை கிடைத்துவிட்டதென்று 1990-இல் மூட்டை கட்டியிருந்தால், தவறான இடைவெளியைச் சுற்றியுள்ள பண்ணைக்காரர்களுக்குப் பரிந்துரைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

மேலும், எரிக்காத பகுதி இல்லாவிட்டால் எரித்த பகுதிக்கு என்ன பொருள்? நம் வீட்டுச் செடிக்கு உரம் போட்டுப் பலன் கண்டோம் என்று சொல்ல, உரம் போடாத செடி ஒன்று பக்கத்தில் நிற்கத்தானே வேண்டும்?

ஓடைக்கரை:
உரம் போடாத செடி ஒன்று போதும் அல்லவா, செவ்வந்தி அவர்களே? அந்தச் செடி பக்கத்துச் செடிக்குப் பூச்சியையும் அனுப்புகிறது என்றால் என்ன செய்வீர்கள்? சிவப்பு சீடரின் காய்களைப் பறவைகள் தின்று எங்கும் விதைக்கின்றன. நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லை வரைபடத்தில் இருக்கிறதே தவிர, பறவைக்கு அது தெரியாது.

ஓடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். கிங்ஸ் கிரீக் ஓடையின் நீரோட்டத்தை 1979 முதல் அளந்து வருகிறார்கள். மழை குறையவில்லை, ஆனால் மரமும் புதரும் பெருகப் பெருக ஓடையில் நீர் குறைந்து, வறண்டு கிடக்கும் நாட்கள் கூடியிருக்கின்றன. சரி, கரையோர மரங்களை வெட்டினால் நீர் திரும்பும் என்று வெட்டியும் பார்த்தார்கள். திரும்பவில்லை, ஏனென்றால் குடிப்பது கரையில் நிற்கும் மரங்கள் மட்டும் இல்லை. சரிவு முழுதும் பரவிய புதர்கள், புல்வேர் எட்டாத ஆழத்திலிருந்து நீரை இழுத்துவிடுகின்றன. ஓர் ஆய்வு நிலையம் தன் சொந்த ஓடை வற்றுவதைத் துல்லியமாக அளந்து அச்சிட்டுக்கொண்டே இருப்பது எனக்குப் பெருமையாகத் தோன்றவில்லை.

தொழுவத்தான்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மாடு வளர்த்த குடும்பத்தவன் என்பதால், எல்லோரும் புனிதமாகப் பேசும் பைசன் (அமெரிக்கக் காட்டெருது) மந்தையைப் பற்றி ஒரு ஐயம். 1987-இல் கொண்டுவந்து விட்டார்கள், ஏறக்குறைய ஆயிரம் ஹெக்டேர் வேலிக்குள் மேய்கின்றன. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவற்றைத் தொழுவத்தில் அடைத்து, எடை பார்த்து, ஊசி போட்டு, மிகுதியை விற்றுவிடுகிறார்கள். வேலி, எடை, ஊசி, விற்பனை என்றால் எங்கள் ஊரில் அதற்குப் பண்ணை என்று பெயர். இதை இயற்கைக் காப்பகம் என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

செவ்வந்தி:
பொருந்தாதுதான், தொழுவத்தான் அவர்களே. வேலியில்லாத பைசன் இன்று அந்த மாநிலத்தில் சாத்தியமும் இல்லை. வேட்டையாடும் விலங்கு இல்லாத இடத்தில் மந்தை பெருகிக்கொண்டே போனால் புல் தாங்காது, அதனால் அளவை மனிதர்தான் கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த மந்தை செய்த வேலையைப் பாருங்கள். பைசன் பெரும்பாலும் புல்லையே தின்று, பூக்கும் சிறுசெடிகளை விட்டுவிடுகிறது. ஓங்கி நின்று வெளிச்சத்தை மறைக்கும் பெரிய புற்கள் தாழ்ந்ததும் மற்றவற்றுக்கு இடம் கிடைக்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுத் தரவைத் தொகுத்து 2022-இல் வெளியிட்டபோது, பைசன் மேய்ந்த நிலத்தில் ஓரிடத்தில் காணும் நாட்டுத் தாவர இனங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டித்திருந்தது. மாடு மேய்ந்த நிலத்திலும் உயர்வு இருந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இதைக் கண்டறிய முடிந்ததும் பைசன் மேய்ந்த, மாடு மேய்ந்த, எதுவும் மேயாத பகுதிகள் அருகருகே இருந்ததால்தான். ஓடைக்கரை ஐயா பிரித்துப் பேசும் பாதுகாப்பும் பரிசோதனையும் இங்கே ஒன்றாகவே வந்திருக்கின்றன.

தொழுவத்தான்:
மாடு பின்தங்கியது மாட்டின் குற்றமா, ஆண்டின் ஒரு பருவத்தில் மட்டும் விட்டு அடைக்கும் மேய்ச்சல் முறையின் குற்றமா என்பதை அந்த ஒப்பீடு முழுதும் பிரித்துக் காட்டாது என்பது என் எண்ணம். பைசன் ஆண்டு முழுதும் அங்கேயே நிற்கிறது, மாடு நிற்பதில்லை. எனினும் இரட்டித்தது என்பது சிறிய செய்தி இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஓடைக்கரை:
பைசனில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே பைசன் நாம் பேசும் சிக்கலுக்குள்ளும் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். மேய்ந்த இடத்தில் காய்ந்த புல் குறைவு. புல் குறைந்தால் தீயின் உயரமும் சூடும் குறையும். அடிபடாத புதர் அடுத்த ஆண்டு இன்னும் ஒரு சாண் அகலம் பரவும். கிங்ஸ் கிரீக்கில் நீர் வற்றுவதாக நான் சொன்ன பகுதி என்4டி (N4D). அங்கே பலகையில் உள்ள பெயரே நிர்வாகத்தைச் சொல்லிவிடும்: N என்றால் பைசன் மேய்வது, 4 என்றால் நான்காண்டுத் தீ. அந்த எண்ணை 2 என்று மாற்றி எழுத எவருக்கும் மனம் வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதையும் வெளிப்படையாகப் பேசுவோம். 1980-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை நெடுங்காலச் சூழலியல் ஆய்வுத் தளங்களைத் தொடங்கியபோது தேர்ந்த முதல் ஆறில் கான்சாவும் ஒன்று. ஆறாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் நிதி அது, தொடர்ச்சியே அதன் மூலதனம். தொடர்ச்சியால் வாழும் நிலையம், தொடர்ச்சியை எப்போது நிறுத்துவது என்று தானே தீர்ப்புச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் நேர்மையானவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அமர்ந்திருக்கும் நாற்காலி அப்படி.

ஒரு வாசகி:
நான் ஆய்வாளர் இல்லை; ஒருமுறை அங்கே நடந்து பார்த்தவள். பொதுமக்களுக்கு விட்டிருப்பது மூன்று சுற்றுப் பாதைகள், நீளமானது ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். நாயைக் கூட்டிச் செல்லக் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தீயிட்டுச் சில வாரங்களே ஆன சரிவு பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருந்ததும், பாதைக்கு அப்பால் ஒரு சரிவு கருத்த மரங்களாய் நின்றதும் ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அந்த இரண்டாம் சரிவுதான் இயற்கையானது, முதலாவது மனிதர் கெடுத்தது என்றே எண்ணி வீடு திரும்பினேன்.

செவ்வந்தி:
வாசகி அவர்களின் எண்ணம் பெரும்பாலோர் எண்ணம். கான்சா என்ற பெயரே 1873-இல் ஓக்லஹோமாவாகப் பின்னர் மாறிய நிலப்பகுதிக்கு வெளியேற்றப்பட்ட கான்சா அல்லது காவ் மக்களின் பெயர். அங்கே மின்னல் மூட்டிய தீயும் உண்டு. பழங்குடி மக்கள் மந்தையை ஈர்க்கவும் புதுத்தளிர் வரவும் மூட்டிய தீயும் உண்டு. மனிதர் கைவிட்ட நிலம்தான் இயற்கை என்றால், அந்தப் புல்வெளி பல நூற்றாண்டுகளாக இயற்கையாக இருந்ததே இல்லை.

இனி ஓடைக்கரை ஐயாவுக்கு. மீட்க வேண்டும் என்கிறீர்கள். மீட்க முடியுமா என்பதையும் அங்கேதான் சோதித்தார்கள். நெடுங்காலம் எரிக்காத பகுதியை ஆண்டுதோறும் எரிக்கும் முறைக்கு மாற்றி, ஆண்டுதோறும் எரித்த பகுதியை எரிக்காமல் விட்டு, தலைகீழாக்கிப் பார்த்தார்கள். தீயை நிறுத்திய இடத்தில் புதர் ஏறியது. தீயைத் திருப்பிக் கொடுத்த இடத்திலோ, ஏறிய புதர் வந்த வழியே இறங்கவில்லை. சீடர் இளமையில் தீயில் மடிந்துவிடும், அடியிலிருந்து மீண்டும் துளிர்க்காது. டாக்வுட் அப்படியில்லை, தன் நிழலில் புல்லை வளரவிடாததால் தீ உள்ளே நுழைய விறகே இருப்பதில்லை, மேற்பகுதி கருகினாலும் வேரிலிருந்து கிளைத்துவிடும். ஆகவே இருபதாண்டுப் பகுதியின் பலகையை 1 என்று மாற்றி எழுதினால் புல்வெளி திரும்பும் என்பது நடக்காத காரியம். வெட்டவும் வேண்டும், வெட்டியதன் மேல் பல ஆண்டுகள் உழைக்கவும் வேண்டும். அந்தச் செலவை, அடிக்கடி எரித்துவரும் நல்ல பகுதிகளைக் காப்பதில் போடுவதே மேல் என்று நான் சொல்வேன்.

தொழுவத்தான்:
இன்னொரு பயனையும் கணக்கில் சேருங்கள். ஃபிளின்ட் ஹில்ஸ் பண்ணைக்காரர்கள் எல்லோரும் ஏப்ரலில் ஒரே நேரத்தில் எரிப்பதால் புகை கான்சாஸ் சிட்டி வரை போய்க் காற்றைக் கெடுக்கிறது. அதற்காகவே 2010-இல் மாநில அரசு புகை மேலாண்மைத் திட்டம் ஒன்றை வகுத்தது. இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ எரித்தால் புல் கெடும் என்பது எங்கள் ஆட்களைப் போலவே அங்குள்ளவர்களும் தாத்தா காலம் முதல் நம்பி வந்தது. கான்சாவில் இருபது ஆண்டுகள் மூன்று பருவங்களிலும் எரித்துப் பார்த்ததில் புல்லின் விளைச்சல் சொல்லத்தக்க அளவு குறையவில்லை. தன் மேய்ச்சல் நிலத்தில் இருபது ஆண்டு இப்படிப் பந்தயம் கட்ட எந்தப் பண்ணைக்காரரும் துணிய மாட்டார். பல்கலைக்கழகம் கட்டியது.

ஓடைக்கரை:
நல்ல வாதம், தீயிடும் பருவத்தைப் பற்றிய அந்தச் சோதனையை நான் எண்ணவில்லை. மீட்பு எளிதன்று என்ற செவ்வந்தி அவர்களின் கூற்றையும் ஏற்கிறேன். இருபதாண்டுப் பகுதிகள் போனவை போனவையாக இருக்கட்டும். ஆனால் அதே கூற்று என் பக்கமும் வெட்டுகிறது: ஏறிய புதர் இறங்காது என்று தெரிந்த பிறகு, இன்னும் பாதிப் புல்லாக இருக்கும் நான்காண்டுப் பகுதிகளைக் காத்திருந்து பார்ப்பதற்கு முன்பிருந்த சாக்கு இப்போது இல்லை. அடுத்த ஆறாண்டுத் திட்டத்தில், புதர் நிலத்தில் இத்தனை பங்கைப் பிடித்தால் இந்தப் பகுதியில் தீயின் இடைவெளியைக் குறைப்போம் என்று ஒரு வரம்பை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். வரம்பை எழுதுவதில் நேச்சர் கன்சர்வன்சிக்கும் ஒரு வாக்கு இருக்கட்டும்; நிலம் வாங்கியவர்கள் அவர்கள்தானே.

செவ்வந்தி:
எல்லா நான்காண்டுப் பகுதிகளுக்கும் என்றால் மாட்டேன். அக்கம்பக்கத்தில் சோம்பலாலும் புகைக்கு அஞ்சியும் தீயைத் தள்ளிப்போடும் நிலங்களுக்கு மிக நெருக்கமானவை அவைதான். இரண்டையோ மூன்றையோ அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு வரம்பு எழுதலாம் என்றால் பேசலாம். என்4டியை மட்டும் கேட்காதீர்கள்; அங்கே ஓடையை அளக்கும் தொடர் அறுந்தால் நீர் ஏன் வற்றியது என்று நீங்கள் இன்று என்னோடு வாதிட எடுத்துக்கொண்ட சான்றே இனி வளராது.

ஓடைக்கரை:
என்4டிதான் நான் முதலில் கேட்பதாக இருந்தது. எந்த மூன்று என்று பெயர் சொல்லுங்கள், பார்ப்போம்.