இணையம் போனால் திறக்காத செயலி கட்டற்ற மென்பொருளா?

கேள்வி:
12 வருடமாக லினக்ஸ்தான். லிப்ரே ஆபிஸ், தண்டர்பேர்ட் எல்லாம் என் கணினியிலேயே ஓடும். போன மாதம் ஒரு குறிப்பேட்டுச் செயலியை நிறுவினேன். கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தி, படித்து, மாற்றி, பகிரக்கூடியது) என்றுதான் போட்டிருந்தது, மூலநிரலும் கிடைத்தது. இணையம் போன ஒருநாள் திறந்தால், உள்நுழைவுப் பக்கம் மட்டும் வந்து நின்றது. என் 340 குறிப்புகளும் அவர்கள் சர்வரில். மனசு கேட்கவில்லை. இதைக் கட்டற்றது என்று எப்படிச் சொல்வது?

பதில் 1:
கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்தின் கடமைகள், நிரலின் பிரதியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான் தொடங்கும். சர்வரில் ஓட்டி, வலை வழியே பயன்படுத்த மட்டும் விட்டால் பிரதி யாருக்கும் போவதில்லை. அதனால் மாற்றிய நிரலைக் காட்டவும் வேண்டியதில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2007 நவம்பரில் ஏஜிபிஎல் 3 என்ற உரிமம் வந்தது. மாற்றிய நிரலை வலையில் பயன்படுத்துகிறவருக்கும் அதன் மூலநிரலைப் பெறும் உரிமையை அது தருகிறது. சர்வர் பகுதிக்கு என்ன உரிமம் என்று முதலில் பாருங்கள்.

பதில் 2:
உரிமம் சரி, தரவு எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிது. நான் எல்லாவற்றையும் மார்க்டவுன் (எளிய குறிகள் சேர்ந்த வெறும் உரை) கோப்புகளாக வைத்து, சின்க்திங் என்ற ஒத்திசைவுச் செயலி மூலம் இரண்டு கணினிகளுக்கும் ஒத்திசைக்கிறேன். நடுவில் யாருடைய கணக்கும் வேண்டாம். பேக்கப் மட்டும் நாமே எடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன். என் கணினியில் ஓடும் கிளையண்ட் பகுதி மட்டும் ஜிபிஎல், சர்வர் நிரலை வெளியிடவே இல்லை. குறிப்புகளை ஏற்றுமதி செய்தேன். எழுத்து வந்தது, படங்கள் வரவில்லை. அவற்றை இப்போது ஒவ்வொன்றாகச் சேமித்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் சின்க்திங்தான்.