தங்கப் பீப்பாய்க்குப் புதுச் சாடி

குழு: எங்கட வீடு (வெள்ளவத்தை, தெஹிவளை, ரொறொன்ரோ)

வெள்ளிக்கிழமை

நிரோ 5:42 பி.ப.
[படம்]
மாமி, பல்கனியில நிக்கிற அப்பாவின்ர தங்கப் பீப்பாய்க் கள்ளிச் சாடியைப் பாருங்கோ. மேலயிருந்து அடி வரைக்கும் வெடிச்சுப் போச்சு. செடியும் வளராம, கடல் பக்கம் சரிஞ்சு நிக்குது. நாளைக்கே புதுச் சாடி வாங்கி மாத்தட்டோ?

பவளம் மாமி 5:50 பி.ப.
நாளைக்கு வேண்டாம். இண்டைக்குத் தண்ணி விட்டதோ?

நிரோ 5:51 பி.ப.
ஓம், காலமை அப்பா விட்டவர்.

பவளம் மாமி 5:58 பி.ப.
அப்ப மண் ஊறிப்போய் இருக்கும். ஈர மண்ணோட கிளப்பினா வேர் அறும், அறுந்த வாயால பூஞ்சணம் ஏறும். பிறகு உள்ளுக்கால அழுகும், வெளியில தெரியேக்க எல்லாம் முடிஞ்சிருக்கும். இனி ஒரு சொட்டும் விடாதைங்கோ. போயா (பௌர்ணமி) லீவு வரைக்கும் காயட்டும், அண்டைக்கு நான் வாறன். அண்ணை, உங்களுக்கும்தான் சொல்லுறன்.

அப்பா 6:03 பி.ப.
அவ்வளவு நாளும் விடாட்டி வாடாதோ பவளம்?

பவளம் மாமி 6:15 பி.ப.
வாடாது அண்ணை. உடம்புக்குள்ளயே தண்ணியைச் சேர்த்து வைச்சிருக்கிற செடி அது. மெக்சிகோவில கெரேத்தாரோ, இதால்கோ பக்கத்துக் கல்லு மலைச்சரிவுதான் அதின்ர ஊர். கொழும்பில வருசத்துக்கு 2400 மில்லிமீற்றர் அளவில மழை கொட்டுது. அங்க அதில நாலில ஒரு பங்கும் வராது. எங்கட ஊரில கள்ளி செத்தா அது தண்ணி கூடித்தான் சாகும்.

சுதா (ரொறொன்ரோ) 6:31 பி.ப.
அப்பா, அதை எப்ப வாங்கினனீங்கள்? நான் சின்னனா இருக்கேக்கயே அது அங்க நிண்டது.

அப்பா 6:40 பி.ப.
நீ பிறக்க முதல் வாங்கினது. பேராதனைப் பூங்கா பார்த்திட்டு வரேக்க கண்டி றோட்டுக் கரையில ஒரு கடை. அப்ப தேசிக்காய் அளவுதான். சாடி நானே சீமெந்தில வார்த்தது.

பெரியம்மா 6:52 பி.ப.
முள்ளுச் செடி வீட்டுக்குள்ள நிக்கக் கூடாதெண்டு அந்தக் காலத்தில சொல்லுறவை. சாடி வெடிச்சதோட கீழ தோட்டத்தில நட்டு விடுங்கோவன்.

பவளம் மாமி 7:04 பி.ப.
அக்கா, கீழ நட்டா வைகாசி மழை தாண்டாது. அந்தத் தோட்டத்தில ஒரு மழைக்கே தண்ணி கட்டி நிக்கிறது. இதைக் காப்பாத்தத்தான் வேணும். 1990களில மெக்சிகோவில சிமபான் அணையைக் கட்டேக்க இந்தக் கள்ளி நிண்ட பள்ளத்தாக்கில பெரும்பகுதி தண்ணிக்குள்ள போட்டுது. உலகம் முழுக்கப் பூந்தோட்டங்களில நிக்குது, ஆனா சொந்த ஊரில அழியிற நிலையில இருக்கிற செடி இது. இவ்வளவு வளர இதுக்கு எத்தினை வருசம் எடுத்ததெண்டு அண்ணைக்குத்தான் தெரியும். சரியில்லையெண்டா இன்னொண்டு வாங்கலாம் எண்டு நினைச்சுச் செய்யிற வேலை இல்லை இது.

நிரோ 7:10 பி.ப.
இது பூக்குமோ மாமி? நான் ஒருநாளும் காணேல்லை.

பவளம் மாமி 7:16 பி.ப.
பூக்கும். ஏறத்தாழ 20 வருசம் போகவேணும், நாள் முழுக்க நல்ல வெயிலும் வேணும். உச்சியில இருக்கிற கம்பளிக்குள்ளயிருந்து சின்ன மஞ்சள் பூ வட்டமா வரும். உங்கட பல்கனிக்குப் பின்னேர வெயில் மட்டும்தானே வருது. அதாலதான் வெளிச்சத்தைத் தேடிச் சரிஞ்சிருக்கு.

கணேஷ் 8:20 பி.ப.
மாமி, சாடி நான் வாங்கிக்கொண்டு வாறன். பத்தரமுல்லை தியத உயனவில நிறையச் செடிக் கடை இருக்கு. நல்ல பெரிசா ஒண்டு எடுக்கட்டோ? இனி மாத்தத் தேவையில்லாம?

பவளம் மாமி 8:34 பி.ப.
அதுதான் கூடாது கணேஷ். பெரிய சாடியில மண் கூட, வேர் குறைய. வேர் குடிக்காத ஈரம் நாள்க்கணக்கா நிக்கும். செடியின்ர அகலத்தை அளந்து, அதைவிட இரண்டு விரக்கடை கூடின வாய் போதும். ஆழமும் வேண்டாம், இதின்ர வேர் பக்கவாட்டிலதான் ஓடும். வண்ணம் பூசாத மண் சாடி எடு, சுவராலயும் ஈரம் ஆவியாப் போகும். அடியில ஓட்டை இருக்கோ எண்டு பார்த்து வாங்கு.

கணேஷ் 8:37 பி.ப.
அடியில சல்லிக்கல் போடுறதோ? தண்ணி வடியிறதுக்கு?

பவளம் மாமி 8:49 பி.ப.
எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம், ஆனா பிரயோசனம் இல்லை. மேல இருக்கிற மண் ஊறி நிரம்பும் வரைக்கும் தண்ணி கல்லுக்குள்ள இறங்காது. ஈரம் கல்லுக்கு மேல, வேருக்குக் கிட்ட வந்து நிக்கும். ஓட்டைக்கு மேல ஒரு துண்டு நுளம்பு வலை போதும். சல்லியை மண்ணோட கலந்தாத்தான் நல்லது.
மண்ணுக்கு: கழுவின ஆற்று மணல், பெருமணலாப் பார்த்து. செங்கல்லை உடைச்சு, அரிச்சு, தூளை எறிஞ்சுபோட்டு நொறுவலை எடுங்கோ. இரண்டும் சேர்ந்து மூண்டு பங்கெண்டா கொம்போஸ்ட் ஒரு பங்கு. கடல் மணல் கிட்டவும் வரக்கூடாது, உப்பு. கடைக்காரர் தும்புத்தூள் கலந்த பை தருவினம், அதுவும் வேண்டாம். ஈரத்தை விடாது.

போயா தினம்

நிரோ 9:25 மு.ப.
[படம்]
மாமி வந்திட்டா. கடல் பார்க்கிற பக்க முள்ளில சிவப்பு நூல் கட்டியாச்சு. திருப்பி வைக்கேக்கயும் அந்தப் பக்கம்தான் கடலைப் பார்க்கவேணுமாம். நிழல் பக்கத்தைத் திடீரெண்டு வெயிலுக்குக் காட்டினா சுட்டு வெளிறிப்போகும், அந்த வடு பிறகு மாறவே மாறாதாம்.

சுதா (ரொறொன்ரோ) 9:31 மு.ப.
அந்த முள்ளை எப்பிடிப் பிடிக்கப் போறீங்கள்? தோல் கையுறை இருக்கோ?

நிரோ 9:40 மு.ப.
[காணொளி]
கையுறையால முள் போகுதாம். டிவி வந்த பெட்டியில இருந்த ரெஜிஃபோம் இரண்டு துண்டை இரண்டு பக்கமும் வைச்சு அமத்தினவா. முள் எல்லாம் அதுக்குள்ள இறங்கி நிக்குது, ஒண்டும் முறியேல்லை. வீரகேசரிப் பேப்பரைப் பட்டி மாதிரி மடிச்சு இடுப்பில சுத்தி இருக்கு. கணேஷ் அண்ணா தூக்கப் போறார்.

அப்பா 9:44 மு.ப.
சாடியை உடையுங்கோ. இழுத்தெடுத்தா வேர் அறும்.

நிரோ 10:12 மு.ப.
[படம்]
அப்பாவே சுத்தியலால தட்டினவர். மண் கட்டி அப்பிடியே வந்திட்டுது. ஆனா வேரில வெள்ளையா, அரிசி மா தூவினமாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு இருக்கு சுதா அக்கா.

பவளம் மாமி 10:30 மு.ப.
(நானே எழுதுறன்.) அது வேர் மாவுப்பூச்சி. வெளியில தெரியாம மண்ணுக்குள்ள இருந்து சாறு குடிக்கும். வளர்ச்சி நிண்டதுக்குக் காரணம் வெறும் சாடி மட்டும் இல்லை. பழைய மண்ணை ஈர்க்கால கிண்டி முழுக்க உதிர்த்து, குழாய்த் தண்ணியில வேரைக் கழுவியாச்சு. மிச்சம் தெரிஞ்ச இடத்துக்குப் பார்மசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தூரிகையால தொட்டு வைச்சன். பழைய மண்ணை வேற சாடிக்குப் போடாம கட்டிக் குப்பைக்குக் குடுங்கோ.
காஞ்சு உள்ளீடு இல்லாம இருந்த வேர்களை வெட்டிட்டன். வெட்டின வாயில கறுவாத்தூள் தடவியிருக்கு.

பெரியம்மா 10:41 மு.ப.
அடிப்பக்கம் பழுப்பா இருக்கே, அழுகினதோ?

பவளம் மாமி 10:50 மு.ப.
நல்ல கேள்வி அக்கா. தடியால குத்திப் பார்த்தன், மரம்போல உரமா இருக்கு. வயசு போனா அடியிலயிருந்து அப்பிடிப் பட்டை கட்டும், அது நோய் இல்லை. அமத்தேக்க மெத்தெண்டு உள்ள போனாத்தான் பயப்படவேணும்.

கணேஷ் 11:02 மு.ப.
இப்பவே நட்டுவிடலாமோ? புதுச் சாடி றெடி.

பவளம் மாமி 11:05 மு.ப.
இல்லை. கழுவின வேர், வெட்டின வாய். அப்பிடியே பேப்பர் விரிச்சு, காத்துப் படுற நிழலில ஒரு கிழமை கிடக்கட்டும். வாய் காஞ்சு மூடவேணும்.

அப்பா 11:20 மு.ப.
மண்ணில்லாம ஒரு கிழமையோ!

பவளம் மாமி 11:24 மு.ப.
ஒரு மாசம் கிடந்தாலும் இந்த அளவுச் செடிக்கு ஒண்டும் நடவாது அண்ணை. நம்புங்கோ.

அடுத்த சனிக்கிழமை

நிரோ 4:48 பி.ப.
[படம்]
நட்டாச்சு. முந்தி மண் நிண்ட கோட்டுக்கு மேல ஒரு துளியும் மூடேல்லை. நிமித்தி வைச்சு, ஆடாம இருக்கச் சுத்திவரக் கருங்கல்லு வைச்சிருக்கு. சிவப்பு நூல் கடல் பக்கம்.

பவளம் மாமி 5:01 பி.ப.
வடிவா இருக்கு பிள்ளை. இனி இரண்டு கிழமைக்குத் தண்ணி இல்லை. பின்னேர வெயிலுக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டி விடு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கவேணும். உரமும் இந்த வருசத்துக்கு வேண்டாம், கொம்போஸ்ட் காணும்.

அப்பா 5:09 பி.ப.
நான் காலமை தேத்தண்ணியோட அதுக்குக் கிட்ட இருந்து பேப்பர் வாசிக்கிறனான். வாளியை அங்கயிருந்து எடுத்து வைச்சிட்டன்.

பெப்ரவரி, ஞாயிறு

அப்பா 7:35 மு.ப.
பவளம், ஈர்க்கை அடி வரைக்கும் விட்டுப் பார்த்தன். மண் ஒட்டேல்லை, காஞ்சுதான் வந்தது.

பவளம் மாமி 7:41 மு.ப.
அப்ப இண்டைக்குப் பின்னேரம் விடுங்கோ அண்ணை. உச்சியில ஊத்தாம சாடி ஓரமா, அடியால வடியும் வரைக்கும். தட்டில நிக்கிறதை உடனே ஊத்திப் போடுங்கோ. பிறகு ஈர்க்கு திரும்ப இப்பிடிக் காஞ்சு வந்தாத்தான் அடுத்தது. நாளைக் கணக்கு வைக்காதைங்கோ, ஈர்க்கைப் பாருங்கோ.

நிரோ 7:50 மு.ப.
மாமி, நடு உச்சியில புது முள் வருது! நல்ல பளிச்செண்ட மஞ்சள்.
[படம்]

பவளம் மாமி 7:52 மு.ப.
ஆ! அப்ப வேர் பிடிச்சிட்டுது. அந்த நிறம்தான் சாட்சி. கணேஷ், சித்திரை முடியேக்க அதை மழை அடிக்காத உள்பக்கச் சுவரோட ஒதுக்கவேணும், ஒவ்வொருக்காவும் தூக்க ஏலாது. சில்லு வைச்ச பலகை ஒண்டு செய்வியோ?

கணேஷ் 8:15 மு.ப.
செய்யிறன் மாமி. நிரோ, சாடியின்ர அடி அளவு அனுப்பு.

நிரோ 8:19 மு.ப.
28 சென்ரிமீற்றர். சில்லுக்குப் பூட்டு இருக்கிறதாப் பார்த்து வாங்குங்கோ அண்ணா, பல்கனித் தரை கொஞ்சம் சரிவு.