‘பெரிய வீடு’ குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை 6:52

மணி அத்தை: 🎤 குரல் செய்தி (3:14)

பெரியப்பா: இனிய காலை வணக்கம் 🌞 [படம்: தாமரை, பின்னால் சூரியன்]

சித்ரா அக்கா: அத்தை, இப்போதுதான் கேட்கிறேன். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டினார்களா??

கோகுல்: என்ன ஆச்சு

சித்ரா அக்கா: மூன்று பையன்கள், ஒரு பெண். ஐதராபாத்தாம். பெட்டியும் கையுமாக வந்து ஹோம்ஸ்டே என்று நம் வீட்டைத் தட்டியிருக்கிறார்கள்

கோகுல்: போன மாதமும் இதே கதைதானே

கவி: மேப்பில் புள்ளி நம் வாசலில் விழுகிறது. விடுதி இரண்டு வீடு தள்ளி. அப்போதே திருத்தச் சொல்லி அனுப்பினேன்

வாசு அண்ணா: அனுப்பி?

கவி: ஒன்றும் நடக்கவில்லை

செந்தில் அத்தான்: அம்மா, கதவைத் திறந்தாயா?

செந்தில் அத்தான்: அம்மா

செந்தில் அத்தான்: போனை எடுக்கமாட்டேன் என்கிறாள்

அப்பா: அக்கா ஈஸ்வரன் கோயிலுக்குப் போயிருக்கும். பதறாதே

செந்தில் அத்தான்: எழுபத்திரண்டு வயதில் தனியாக இருக்க வேண்டாம், சென்னைக்கு வா என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது மாமா. யாராவது ஒருவர் எனக்காகப் பேசினீர்களா

அப்பா: 🙏

காலை 7:31

வாசு அண்ணா: நான் மார்ச்சிலேயே சொன்னேன். திண்ணைக்குக் கம்பி அடித்துப் பூட்டு போடுவோம். வில்லியனூரில் தெரிந்த பட்டறை இருக்கிறது. ஒரு வாரத்தில் முடித்துவிடுவான் [படம்]

சித்ரா அக்கா: இது ஜெயில் மாதிரி இருக்கே

வாசு அண்ணா: பாதுகாப்பு வேண்டுமா, அழகு வேண்டுமா

கோகுல்: கார்த்திகைக்கு விளக்கு எங்கே வைப்பது? கம்பிக்குள் கையை விட்டா

பெரியப்பா: அனைவருக்கும். வாசு எழுதியதைப் படித்தேன். கம்பி போடுவதற்கு முன் திண்ணை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் வீடுகள். உயர்ந்த மதில், பெரிய கேட், உள்ளே தோட்டம். தெருவில் போகிறவனுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியாது. வாய்க்காலுக்கு மேற்கே நம் வீடுகள். தெருவை ஒட்டித் தாழ்வாரம், அப்புறம் திண்ணை, அதற்கப்புறம்தான் கதவு. தாழ்வாரம் நடந்து போகிறவனுக்கு நிழல், திண்ணை களைத்தவனுக்கு. உங்கள் தாத்தா காலத்தில் நம் திண்ணையில் படுத்து எழுந்து போனவர்களின் பெயர்கூட நாங்கள் கேட்டதில்லை. பக்கத்து வைசியாள் வீதியைப் பாருங்கள். 2002 முதல் 2004 வரை ஆசியா அர்ப்ஸ் என்று ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் ஒரு திட்டம். இத்தாலியில் உர்பினோ, பிரான்சில் வில்நெவ் சூர் லோ, நம் புதுச்சேரி, மூன்று ஊரும் கூட்டு. பழைய கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பின் ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, இடித்த திண்ணையையும் தாழ்வாரத்தையும் திரும்ப எழுப்பி, வரிசையாக முகப்பைப் பழையபடி ஆக்கினார்கள். 2008-இல் யுனெஸ்கோ விருது. திட்டம் அந்த வீதியோடு நின்றது, நம் வீதிக்கு வரவில்லை. (தொடரும்)

கோகுல்: தொடருமா 😭

வாசு அண்ணா: விருது வாங்கிய வீதியில் ராத்திரி ஒன்றரைக்கு யாரும் கதவைத் தட்டமாட்டார்களா அப்பா?

பெரியம்மா: ⏩ பலமுறை அனுப்பப்பட்டது: *எச்சரிக்கை!! வெளி மாநிலக் கும்பல் பெட்டியோடு வந்து இரவில் முகவரி கேட்பது போல் கதவைத் தட்டுகிறது. பெண்கள் குழந்தைகள் ஜாக்கிரதை. அனைவருக்கும் பகிரவும்*

கவி: பெரியம்மா, இதைத் தயவுசெய்து வேறு எங்கும் அனுப்பாதீர்கள். 2018-இல் இதே மாதிரி ஒரு பிள்ளை பிடிக்கும் வதந்தியால்தான் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மாவை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான்

பெரியம்மா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: நல்ல எண்ணத்தில்தான் போட்டேன்

கவி: தெரியும் பெரியம்மா ❤️

பெரியப்பா: (2) விட்ட இடத்திலிருந்து. தொண்ணூறுகளில் நம் வீதி எட்டு மணிக்கே அடங்கிவிடும். பாதி வீடு பூட்டு, மீதி வீட்டில் கிழவன் கிழவி. இப்போது விடுதி, காபிக்கடை, துணிக்கடை. வீதிக்கு உயிர் வந்திருக்கிறது, மறுக்கவில்லை. விடுதிக் காவலாளி இருப்பதால்தான் ராத்திரி முழுக்க ஒரு விளக்காவது எரிகிறது. ஆனால் கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7:30 வரை வண்டி விடுவதில்லை. சனி ஞாயிறு வருகிற கார் எல்லாம் எங்கே போய் நிற்கும்? நம் வாசலில்தான்.

கோகுல்: இது உண்மை. போன மாதம் அத்தைக்குத் தலை சுற்றியபோது ஆட்டோ வாசலுக்கு வர முடியவில்லை. முனையிலிருந்து கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனேன். ஒரு கார் கண்ணாடியில் ‘ஹனிமூன்’ என்று எழுதியிருந்தது

செந்தில் அத்தான்: இது எனக்கு ஏன் இப்போதுதான் தெரிகிறது??

கோகுல்: அத்தை சொல்லக்கூடாது என்றார்கள்

கோகுல்: ஐயோ

காலை 9:04

பாரீஸ் சித்தப்பா: எழுந்தவுடன் 61 செய்தி. கம்பி கூடாது. அந்த முகப்பை மாற்ற நான் கையெழுத்துப் போடமாட்டேன்

வாசு அண்ணா: சித்தப்பா, பாரீசில் இருந்துகொண்டு முகப்பைப் பற்றிப் பேசுவது சுலபம். நானும் அப்பாவும்தான் கூரை ஓட்டுக்கு ஆள் தேடி அலைகிறோம். நாட்டு ஓடு மாற்றத் தெரிந்த கொத்தனார் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா? போன வருஷம் ஒருவர் மாதம் வாடகை பேசிக் காபிக்கடைக்குக் கேட்டார். பங்குக்காரர் நான்கு பேரில் ஒருவர் பதிலே போடவில்லை. யார் என்று சொல்லமாட்டேன்

பாரீஸ் சித்தப்பா: தாழ்வாரத்துத் தேக்குத் தூண் நான்கில் இரண்டு எங்கே போனது? அதை முதலில் சொல்லுங்கள். அங்கே ஏன் தண்ணீர்க் குழாய் மாதிரி இரும்பு நிற்கிறது

சித்ரா அக்கா: சித்தப்பா, என் கல்யாணத்தை இதில் இழுக்காதீர்கள். இருபத்தேழு வருஷம் ஆகிறது

கோகுல்: அந்தத் தூணை நான் பார்த்தேன். மிஷன் வீதிப் பக்கம் ஒரு காபிக்கடையில் நிற்கிறது. தாத்தா ஆணி அடித்துக் காலண்டர் மாட்டிய ஓட்டைகூட இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தேன், 220 ரூபாய்

சித்ரா அக்கா: நிஜமாகவா? எந்தக் கடை

பெரியம்மா: 220-ஆ!! அதில் பால் உண்டா

பெரியப்பா: தூணை நான் விற்றது உண்மை. அன்று யாரும் பணம் அனுப்பவில்லை என்பதும் உண்மை. இதற்கு மேல் எழுத விரும்பவில்லை

அப்பா: விடுங்கள் அண்ணா

மணி அத்தை: 🎤 குரல் செய்தி (0:08)

கோகுல்: ‘இப்பதான் வந்தேன், இட்லி ஊத்தறேன். நான் சொன்னது முழுசும் கேட்டீங்களா?’ என்கிறார்கள்

செந்தில் அத்தான்: அம்மா, கதவைத் திறந்தாயா, இல்லையா?

மணி அத்தை: 👍

செந்தில் அத்தான்: 👍 என்றால் திறந்தேன் என்றா, படித்தேன் என்றா

காலை 9:26

கோகுல்: ஒரு நிமிஷம். காலையில் வந்த குரல் செய்தியை ஒரு நிமிஷத்துக்கு மேல் யாராவது கேட்டீர்களா?

சித்ரா அக்கா: நான் பாதி கேட்டேன். இங்கே குக்கர் சத்தம்

வாசு அண்ணா: நீங்கள் போட்டதைப் படித்தேன்

கோகுல்: நான் எழுதுகிறேன். அத்தை கதவைத் திறந்திருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் சேற்றில் மிதித்துவிட்டதால் காலைக் கழுவக் கிணற்றடிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். திரும்ப வந்து திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, பின்னால் லாரி மண் கொட்டுகிற மாதிரி சத்தம். பக்கத்துப் பூட்டின வீட்டுச் சுவர் நம் கிணற்றடியில் விழுந்திருக்கிறது. ‘அந்தப் பொண்ணு நின்ன எடத்துல’ என்று இரண்டு தடவை சொல்கிறார்கள்

சித்ரா அக்கா: முருகா

செந்தில் அத்தான்: என்ன??

கோகுல்: கிளம்பிவிட்டேன். முத்தியால்பேட்டையிலிருந்து பத்து நிமிஷம்

பெரியப்பா: மணி, பின்கட்டுப் பக்கம் போகாதே.

காலை 9:48

கோகுல்: [படம்] துவைக்கிற கல் மேலேயே விழுந்திருக்கிறது

கோகுல்: [படம்] இந்த வேரைப் பாருங்கள். அந்த வீட்டு மாடியில் முளைத்த அரச மரம். வேர் இறங்கின இடத்தில் என் கை முழங்கை வரை உள்ளே போகிறது. செங்கலைத் தொட்டால் பொரை மாதிரி உதிர்கிறது

கவி: கையை விடாதேடா!!

கோகுல்: எடுத்துவிட்டேன். மேலே இன்னும் ஓர் ஆள் உயரம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அத்தை படுக்கிற அறை ஜன்னலிலிருந்து எட்டு அடிகூட இல்லை

செந்தில் அத்தான்: கிளம்புகிறேன். மதியம் வந்துவிடுவேன்

அப்பா: 2024 ஃபெஞ்சல் புயலில் ஊறின சுவர். அன்றைக்கு ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்போதே வெடிப்பு இருந்தது, பார்த்தேன்

வாசு அண்ணா: பார்த்துவிட்டு?

அப்பா: பூட்டின வீடு. யாரிடம் சொல்வது

பெரியப்பா: ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவரின் நம் பக்கத்துக்கு 2011-இல் சிமெண்டு பூசச் சொன்னவன் நான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டு பூசினால் உள்ளே போன ஈரம் உள்ளேயே நிற்கும், சுவர் உள்ளிருந்து மக்கும். கொத்தனார் ‘சுண்ணாம்புக்கு ஆள் இல்லை சார்’ என்றான், நானும் சரி என்றேன். கடற்கரையில் ‘மேரி’ என்கிற பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் சரிந்தது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், நம் சுவரை நினைக்கவில்லை

பாரீஸ் சித்தப்பா: அந்தப் பூச்சுக்குப் பணம் அனுப்பியது நான் அண்ணா. எனக்கும் தெரியவில்லை

சித்ரா அக்கா: அந்த வீடு யாருடையது இப்போது?

பெரியப்பா: சொல்தா வீட்டாருடையது, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் குடும்பம். 1962-க்கு அப்புறம் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொண்டு போனவர்கள். கிழவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு இங்கேயே கிடந்தார். அவர் போனதும் பூட்டினதுதான். வாரிசு எத்தனை பேர் என்று அவர்களுக்கே தெரியாது

பாரீஸ் சித்தப்பா: ஒருவனைத் தெரியும். இங்கே பாரீசில் லா ஷப்பேல் பிள்ளையார் தேருக்கு வருவான். எண் இருக்கிறது, பேசுகிறேன். ஆனால் வீட்டுப் பேச்சை எடுத்தாலே விற்றால் எவ்வளவு வரும் என்றுதான் கேட்பான்

வாசு அண்ணா: எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே

பாரீஸ் சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவி: இருவரும் அப்புறம் சண்டை போடலாம். நாளை நகராட்சிக்கு மனு, படத்தோடு. யார் எழுதுகிறீர்கள்?

பெரியப்பா: நான் எழுதுகிறேன்

கோகுல்: பெரியப்பா, திண்ணை வரலாறு வேண்டாம். ஒரு பக்கம் போதும்

பெரியப்பா: இரண்டு பக்கம்.

வாசு அண்ணா: தள்ளி நிற்கிற சுவருக்கு இன்றைக்கே சவுக்குக் கழி முட்டுக் கொடுக்க ஆள் அனுப்புகிறேன். காசு பிறகு பேசலாம். ஆனால் கம்பி விஷயம் முடியவில்லை

பாரீஸ் சித்தப்பா: ஆள் வந்தால் எரிகிற விளக்கு போடுங்கள், நான் பணம் அனுப்புகிறேன். கேமராவும் வையுங்கள்

சித்ரா அக்கா: கேமராவில் பார்த்துவிட்டு நீங்கள் பாரீசிலிருந்து ஓடி வருவீர்களா சித்தப்பா

கவி: முதலில் வாசலில் ஒரு பலகை மாட்டுங்கள்: ‘இது வீடு. விடுதி இரண்டு வீடு தள்ளி’

கோகுல்: ராத்திரி டியூட்டிக்கு வருகிற போலீஸ்காரரிடமும் சொல்லிவிட்டேன், தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சிவப்புத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார். ‘பாட்டி ஏன் கதவைத் திறந்தாங்க’ என்று அவரும் கேட்டார்

செந்தில் அத்தான்: அதைத்தானே காலையிலிருந்து நானும் கேட்கிறேன்

மணி அத்தை: 🎤 குரல் செய்தி (0:31)

சித்ரா அக்கா: இந்தத் தடவை முழுசும் கேட்டேன். ‘கதவுல சங்கிலி போட்டுத்தான் திறந்தேன். பொண்ணு அழுதுகிட்டு நிக்குது. செந்தில் வந்து திட்டட்டும், ஆனா சென்னைக்கு வரமாட்டேன். ராத்திரிக்கு ஒருத்தர் வந்து முன்கட்டுல படுங்க, அது போதும். கம்பி கிம்பி எல்லாம் நீங்களே பேசிக்குங்க’

கோகுல்: இன்றைக்கும் நாளைக்கும் நான் படுக்கிறேன்

வாசு அண்ணா: புதன் நான்

சித்ரா அக்கா: செவ்வாய்?

அப்பா: பார்க்கலாம்

பெரியம்மா: இவருக்குக் கட்டில் இல்லாமல் தூக்கம் வராது. வாசு ஒரு மடக்குக் கட்டில் வாங்கிப் போடு

செந்தில் அத்தான்: திண்டிவனம் தாண்டிவிட்டேன்

மணி அத்தை: கோகுலு அந்த பொண்ணு செருப்பு கெணத்தடில கெடக்கு. விடுதில குடுத்துட்டு வா

கோகுல்: கல் குவியலுக்கு அடியிலா அத்தை?

மணி அத்தை: ஒண்ணு மேல கெடக்கு. இன்னொண்ணு தெரியல