கலைச்சொல் உதவி: கல்லீரல் பெர்ஃபியூஷன் (வெள்ளிக்குள் தேவை)

அன்பர்களே,
கல்லீரலுக்குப் பரவிய கண் மெலனோமா (நிறமிச் செல்களில் தோன்றும் புற்று) பற்றிய நோயாளர் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. கண்ணுக்குள் நிணநீர்க் குழாய் இல்லாததால் இந்தப் புற்று இரத்த வழியே பரவும். பெரும்பாலும் கல்லீரலில்தான் போய்த் தங்கும். அதற்கொரு அறுவை: வயிற்றைத் திறந்து, போர்ட்டல் சிரையை (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவருவது) அடைத்து, கல்லீரல் தமனியிலும் கீழ்ப்பெருஞ்சிரையிலும் குழாய் பொருத்தி, கல்லீரலை மட்டும் இதய-நுரையீரல் இயந்திரத்தோடு இணைப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. மெல்ஃபலான் என்ற புற்றுமருந்து, 40 பாகை செல்சியஸ் சூட்டில், 60 நிமிடம் சுழலும். 'தனிமைப்படுத்திய கல்லீரல் ஊடுபாய்வு' சரியா?

> தனிமைப்படுத்திய

வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல் ஆளை அறையில் அடைப்பதையே குறிக்கிறது. ஊடுபாய்வு தன்வினை, இங்கே இயந்திரம் தள்ளுகிறது. வரப்பு கட்டி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல, பிறவினை வேண்டும். 'தனிச்சுற்றுப் பாய்ச்சல்' என்பேன்.

> பாய்ச்சல்

புலிப்பாய்ச்சல் என்னும்போது அது தாவுதல். பாய்ச்சுகை என்றால் குழப்பமில்லை.   'ஈரற்பாய்ச்சுகை' போதும். கல் எதற்கு?

ஐயா, நுரையீரலும் மண்ணீரலும் ஈரல்தானே? நுரையீரலுக்கும் இதே முறையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கல்லை எடுக்கக் கூடாது. 'மருந்தேற்றம்' என்றும் எளிமையாக்க வேண்டாம், டிரிப்ஸ் என்று நினைத்துவிடுவார்கள். சுற்று என்ற சொல்தான் முக்கியம். மருந்து கசிந்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும். அதனால்தான் கதிரியக்கக் குறியிட்ட பொருளைச் சுற்றில் விட்டுக் கசிவை அளக்கிறார்கள். கடைசியில் கல்லீரலை அலசி மருந்தை வெளியேற்றிய பிறகே பழைய ஓட்டத்தைத் திறப்பார்கள்.

வயிற்றைத் திறக்காமல் தோல்வழியாகக் குழாய் செருகும் முறையும் உண்டு. அந்தத் தோல்வழி முறைக்குத் 'தனிச்சுற்று' பொருந்தாதே, அம்மா. அதில் இரட்டைப் பலூன் குழாய் கல்லீரல் சிரைகளுக்கு மேலும் கீழும் பெருஞ்சிரையை அடைக்கும். மருந்து கலந்த இரத்தம் வெளியே வடிகட்டிகளைக் கடந்து கழுத்துச் சிரை வழியாக உடலுக்கே திரும்பும். வடிகட்டியை இணைத்ததும் இரத்த அழுத்தம் சரியும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும். 2023இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது இதற்குத்தான். இதை 'வடிகட்டுப் பாய்ச்சல்' எனப் பிரித்துச் சொல்லுங்கள்.

என் வாக்கு பெர்ஃபியூஷனுக்கே. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போது நோயாளி கேட்கப்போவது அந்தச் சொல்லைத்தான். எந்தச் சொல்லை வைத்தாலும் 'குணமாக்கும்' என்று மட்டும் எழுதாதீர்கள். சுவீடனின் ஸ்காண்டியம் ஆய்வில் தனிச்சுற்று முறையில் 40% பேருக்குக் கட்டி சுருங்கியது, ஒப்பீட்டுக் குழுவில் 4.5%. ஆயுள் நீண்டது என்பது புள்ளியியல்படி உறுதியாகவில்லை.

நன்றி. தலைப்பில் 'கல்லீரல் தனிச்சுற்றுப் பாய்ச்சல்', முதல் பத்தியில் ஒருமுறை பெர்ஃபியூஷன், தோல்வழி முறைக்கு வடிகட்டுப் பாய்ச்சல். குணமாக்கும் என்ற சொல்லை நீக்கிவிட்டேன்.

பாய்ச்சுகையே சரி. என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும்.